பையில் பன்னிரண்டு வண்டிகள்

போனை உள்ள வைங்க தம்பி. முதல்ல அதைச் சட்டைப் பையில போடுங்க, அப்புறம் பேசலாம்.

யார் சொன்னது உங்ககிட்ட? டோல்கேட்லயா? அங்க நிக்கிற டிரைவருங்களுக்கு வேற வேலை இல்ல. "கூட்ரோட்டுல ஏகாம்பரம் டீக்கடை இருக்கு. அவர்கிட்ட போனைக் குடுத்துட்டு ஒரு தூக்கம் போடு. உன் வண்டி கேட்டுக்குப் போயிட்டதா கம்பெனியில காட்டும்"னு சொல்லியிருப்பானுங்க. அதெல்லாம் போன மாசத்தோட சரி. இப்ப நான் அந்த வேலை செய்யறதில்ல. அன்னிக்கிலேர்ந்து போன் எடுத்துட்டுப் போற பையைத் தொடல. ரெண்டு தடவை தொட்டேன், அது வேற, ரொம்பக் கெஞ்சினாங்க.

உக்காருங்க. சர்க்கரை கம்மியா, சாதாவா? உங்களுக்கு எத்தனை மணிக்குக் குடுத்திருக்கான் கேட்டுல? ஒண்ணரைக்கா? அப்ப என்ன அவசரம்? இப்ப என்ன மணி? ஒம்போது நாப்பதா. நேரம் இருக்கு. எனக்கும் பதினொரு மணிக்கு அங்க ஒரு ஜோலி. விசாரணை. மொபெட்டுல போனா இருபது நிமிஷம். நேரம் இருக்கு.

இந்தக் கம்பெனிக்கு நீங்க புதுசு, அதனால சொல்றேன். வேன் செய்யற கம்பெனி. நான் இந்தக் கடை போட்டுப் பதினாறு வருஷம். முன்னெல்லாம் சரக்கு கொண்டாந்த லாரி ரெண்டு நாள், மூணு நாள் கேட்டுல கெடக்கும். வரிசை இந்தக் கூட்ரோடு வரைக்கும் நிக்கும். எனக்கு நல்ல வியாபாரம், அது வேற. உள்ள குடோன் முழுக்க சரக்கு துருப்பிடிச்சுக் கெடக்குமாம், அன்னிக்கு வேணுங்கிற சாமான் மட்டும் இருக்காதாம். அப்புறம் இந்த ஆப் வந்துச்சு. நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி, நல்லாத்தான் செஞ்சாங்க. சரக்கு அனுப்பறவன், லாரி, கேட்டு, உள்ள வேலை ஓடற லைன், எல்லாத்தையும் ஒரே கயித்துல கோத்துட்டாங்க. எந்த வண்டி எங்க வருதுன்னு உள்ள ஒரு பெரிய டிவியில பச்சைப் புள்ளியா தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு வேண்டிய சரக்குதான் உள்ள வச்சிருப்பாங்க. மிச்சமெல்லாம் ரோட்டுல. ரோடுதான் அவங்களுக்குக் குடோன். ஒரு வண்டி வரலைன்னா புள்ளி சிவப்பாயிடும். உடனே பக்கத்துக் குடோன்லேர்ந்து மாத்து வண்டி கெளம்பிடும். லைன் நிக்காது. 'மூன்று வருடமாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை'ன்னு கேட்டுல போர்டே வச்சிருந்தாங்க. இப்ப எடுத்துட்டாங்க.

ஒரே ஒரு வில்லங்கம். உங்களுக்குக் குடுத்த நேரத்துக்கு மேல கால் மணி தாண்டினா அது உங்களைக் கடைசியில தள்ளிடும். ஆறு மணி நேரம், சில நாள் எட்டு. இங்கேர்ந்து கேட்டு ஒம்போது கிலோமீட்டர்தான். ஆனா நடுவுல ரயில்வே கேட்டுல பாலம் கட்டறாங்க. அஞ்சு வருஷமா கட்டறாங்க. லாரி அதைத் தாண்ட ஒண்ணரை மணி நேரம் ஆகும். என் மொபெட்டு தண்டவாளத்து ஓரமா பூந்து போயிடும்.

அப்படித்தான் ஆரம்பிச்சது. ஒருநாள் ஒரு டிரைவர், ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தவன், கண்ணு ரெண்டும் கோவைப்பழம். "பெரியவரே, நேரம் போச்சு"ன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டான். அவன்தான் சொன்னான், பெரிய கம்பெனி லாரிக்கெல்லாம் தனியா கருவி வச்சிருக்கான், எங்களை மாதிரி வாடகை லாரிக்கு டிரைவர் போன்தான் கருவி, போன் எங்கயோ வண்டி அங்கன்னு. போன் கேட்டுலேர்ந்து அரை கிலோமீட்டருக்குள்ள வந்தாப் போதும், 'வந்தாச்சு'ன்னு டோக்கன் விழுந்துடும், அந்த டோக்கனை உள்ள கூப்பிடறதுக்குள்ள வண்டி போய்ச் சேந்தா சரி. நான் அந்தப் பக்கம் பால் வாங்கப் போறவன். "குடுப்பா, நான் கொண்டு போறேன்"னேன். அவ்வளவுதான். ஒரு மனுஷன் ஒரு மணி நேரம் தூங்கினான். இதுல என்ன தப்பு, சொல்லுங்க.

அப்புறம் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு பன்னெண்டாச்சு. காசுக்காகன்னு நினைக்காதீங்க. போனுக்கு இருபது ரூபா, அது பெட்ரோலுக்கு. அப்புறம் முப்பது. பெட்ரோல் ஏறிச்சு.

நீங்க பாத்திருக்கணும் தம்பி. கேட்டுக்கு எதிர்ல ஒரு புங்கமரம். அதுக்கடியில மொபெட்டை நிறுத்துவேன். பையைத் தோள்லேர்ந்து எறக்கறதுக்குள்ள ஒண்ணொண்ணா மணி அடிக்கும், கோயில்ல அடிக்கிற மாதிரி. 'வந்தாச்சு, வந்தாச்சு.' உள்ள டிவியில பன்னெண்டு லாரி கேட்டுல நிக்குது. வெளிய ஒரு மொபெட்டும் நானும். செக்யூரிட்டிக்காரன் சிரிப்பான். "என்ன ஏகாம்பரம், இன்னிக்குப் பையில எத்தனை வண்டி?" "பன்னெண்டு சார், அதுல ரெண்டு பத்துச் சக்கர லாரி." அவனுக்கு எப்ப வந்தாலும் டீ சும்மா. அது மரியாதைக்கு.

ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தேன். பையில போன் அடிச்சா எடுக்கறதில்ல. பன்னெண்டு பேரு பொண்டாட்டி, பன்னெண்டு முதலாளி, கடன்காரன், எவனெவனோ கூப்பிடுவான். நான் எடுத்து என்ன சொல்றது? யார் வீட்டு விஷயமும் எனக்கு வேணாம். அடிச்சா அடிக்கட்டும். நாலு வருஷத்துல ஒரு போன் எடுத்ததில்ல. எல்லா டிரைவரும் என்னை நம்பினதே அதனாலதான்.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? என்ன மணி? பத்து அஞ்சா. சரி.

செங்கோட்டுவேல்னு ஒரு பையன். பையன் என்ன, முப்பத்திமூணு வயசு இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம். கோயமுத்தூர்லேர்ந்து பிரேக் டிரம் ஏத்திட்டு வாரம் ரெண்டு தடவை வருவான். அந்த ஊர்ப் பேச்சு, வாய்க்கு வாய் 'ங்க' போடுவான். "அண்ணா, உங்க டீயில தூக்க மருந்து போடுறீங்களா? குடிச்சதும் கண்ணு சொக்குதுங்க"ம்பான். போன்ல அவன் பொண்ணு படம், ரெண்டு பக்கமும் சடை போட்டுக்கிட்டு. எனக்குப் பேரை விட படம்தான் அடையாளம். ஒரு போன்ல முருகன், ஒரு போன்ல டிராக்டர், இவன் போன்ல சடை.

போன மாசம் பதினாலாம் தேதி. அவனுக்குப் பத்தேகால் நேரம். ஒம்போதே முக்காலுக்கு வந்தான். போனைக் குடுத்துட்டு அந்த பெஞ்சுல, அதோ அந்த பெஞ்சுலதான், காலை நீட்டினான். நான் பையை எடுத்துட்டுப் போயிட்டேன். பத்து பன்னெண்டுக்கு 'வந்தாச்சு' விழுந்துச்சு. நேரத்தோட விழுந்துச்சு. என் வேலையில நான் எப்பவும் சுத்தம்.

அவன் எழுந்து வண்டியை எடுக்கும்போது பத்து இருபது. பாலத்துகிட்ட ஜாம். டோக்கன் கூப்பிடறதுக்குள்ள போயாகணுமில்ல, அதனால ஏரிக்கரை வழியா திருப்பியிருக்கான். முந்தின வாரம் என்கிட்டதான் அந்த வழியைக் கேட்டான். "ஏரிக்கரை மேல போ, பாதி நேரம்"னு சொன்னேன். வழி கேட்டவனுக்கு வழி சொல்றது தப்பா? ஒம்போது டன் இரும்போட போன்னு நான் சொல்லல. கரை ஓரம் சரிஞ்சு வண்டி கால்வாய்ல சாஞ்சிடுச்சு. கேபின் நசுங்கி வலது கால் உள்ள மாட்டிக்கிச்சு.

அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆடு மேய்க்கிற அம்மா ஒண்ணு பாத்திருக்கு. அதுகிட்ட ஒரு பட்டன் போன். "எங்க அண்ணன் ஒருத்தர் கேட்டுல இருக்காரு, மொபெட்டு வச்சிருக்காரு, அங்க கிரேன் இருக்கு, ஆளுங்க இருக்காங்க. அவரு எடுத்தா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க"ன்னு சொல்லி ஒரு நம்பர் குடுத்திருக்கான். எந்த நம்பர்? அவன் நம்பரையே. என் பையில இருந்த அவன் போன் நம்பரை. என் நம்பர் அவனுக்கு மனப்பாடமா தெரியாதில்ல.

ஏழு தடவை அடிச்சது தம்பி.

வண்டிங்க வந்து போனைத் திரும்ப வாங்கணுமில்ல, நான் மரத்தடியில உக்காந்திருக்கேன். சடை போட்ட பொண்ணு அடிக்குது, நிக்குது, அடிக்குது, நிக்குது. ஏதோ தெரியாத நம்பர். கடன்காரன் போலன்னு நினைச்சேன். நான்தான் எடுக்கறதில்லையே.

அதுக்கப்புறம்தான் அந்தம்மா நூத்தியெட்டுக்கு அடிச்சிருக்கு. அந்த ஆம்புலன்ஸ் பாலத்துல மாட்டிக்கிட்டு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல. டாக்டர் சொன்னாராம், கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாதத்தைப் பழையபடி ஆக்கியிருக்கலாம்னு. டாக்டருங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க. முன்னாடி வந்திருந்தா, முன்னாடி வந்திருந்தான்னு. எலும்பு முறிஞ்சது முறிஞ்சதுதானே? நான் போனை எடுத்திருந்தா ஒட்டிக்குமா?

ஆனா தம்பி, அதோட போயிருந்தா விபத்து. இது வேற மாதிரி போச்சு.

டிவியில செங்கோட்டுவேல் வண்டி கேட்டுல பச்சையா நிக்குது. பச்சைதானேன்னு மாத்து வண்டிக்குச் சொல்லல. பன்னெண்டு மணிக்கு பிரேக் டிரம் தீந்துபோச்சு. லைன் நின்னுடுச்சு. அம்பது நிமிஷம். மூணு வருஷத்துல முதல் தடவை. மேல இருக்கறவன் கீழ இருக்கறவனைக் கேக்கறான், அவன் அவனுக்குக் கீழ இருக்கறவனை. தேடினா, வண்டி ஆறு கிலோமீட்டர் தள்ளி கால்வாய்ல கெடக்குது. சரக்குல அறுபது டிரம் காணோம். ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க, பழைய இரும்புக்கடையில போட. ஆனா கம்பெனிக்காரன் என்ன சொல்றான்? "பத்து பன்னெண்டுக்குக் கேட்டுக்கு வந்த வண்டி பத்தே முக்காலுக்கு ஏன் ஏரிக்கரைக்குப் போச்சு? சரக்கை வித்துத் தின்னத்தான்." ஆப்புல எழுதியிருக்கு, வந்தாச்சுன்னு. ஆப் பொய் சொல்லாதில்ல? கேட்டு கேமராவுல வண்டியே தெரியலையேன்னு ஒருத்தன் கேட்டானாம். வண்டிங்க ரோட்டோரம் அரை கிலோமீட்டர் நிக்கும், கேமரா அவ்வளவு தூரம் பாக்காதுன்னு பதில் சொல்லிட்டாங்களாம்.

இன்னிக்கு விசாரணை. திருடன்னு முடிவு பண்ணிட்டா அவன் பேரை ஆப்புல சிவப்பு போட்டுடுவாங்க. சிவப்பு போட்டா இந்தக் கம்பெனி மட்டுமில்ல, இந்தக் கயித்துல கோத்த எந்தக் கம்பெனி கேட்டும் தெறக்காது. கால் சரியாகி ஒரு வருஷத்துல வண்டி ஓட்டலாம்னு சொல்லியிருக்காங்க. எந்த வண்டியை ஓட்டறது?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பேனா? நாலு சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். காலெல்லாம் கம்பி. என்னைப் பாத்ததும் பக்கத்துல கூப்பிட்டு, மெதுவா சொல்றான், "அண்ணா, போனு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டனுங்க. உங்க பேரு எங்கயும் வராது. நீங்க பயப்படாதீங்க." ஏன்னா அவன் வாயைத் தொறந்தா அவன் மட்டுமில்ல, அன்னிக்குப் பையில இருந்த மிச்சம் பதினோரு பேரும் சிவப்பு. விவரமான பையன். நான் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டான். மனசு நிறைஞ்சு போச்சு எனக்கு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? அவனே சொன்னது, நான் சொல்லச் சொல்லல.

பத்து இருபத்தஞ்சா? பத்தரைக்குக் கெளம்பினாப் போதும்.

முந்தாநேத்து அவன் பொண்டாட்டி வந்துச்சு. பூங்கோதைன்னு பேரு. இங்கதான் நின்னுச்சு, உக்காரச் சொன்னா உக்காரல. அழுதிருந்தா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன், அழவும் இல்ல. "அண்ணா, அவரு என்கிட்ட மட்டும் சொன்னாருங்க. போனு உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?" "இருக்கும்மா, பத்திரமா இருக்கு. தினமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்"னேன். இருந்தது தம்பி, பொறுப்பில்லாதவன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது. எடுத்துக் குடுத்தேன். வாங்கிப் பாத்துச்சு. அந்த ஏழு அழைப்பும் அப்படியே இருக்கு, பத்து அம்பத்தஞ்சுலேர்ந்து பதினொண்ணு இருபத்தஞ்சு வரைக்கும். அதைப் பாத்துட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்துடுச்சு.

"என்னம்மா, எடுத்துட்டுப் போ"ன்னேன்.

"நான் குடுத்தா நம்ப மாட்டாங்கண்ணா. வீட்டுல இருந்த போனை எடுத்துட்டு வந்து நாடகம் ஆடறேன்னுவாங்க. நீங்க கொண்டாந்து அவங்க கையில குடுங்க. 'போனு என் பையில இருந்துச்சு, வண்டி கேட்டுக்கே வரல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தன் போனுக்கே ஏழு தடவை கூப்பிடறவன் கையில அந்தப் போனு எப்படி இருந்திருக்கும்னு அவங்களே யோசிச்சுக்குவாங்க."

"மத்த பதினோரு பேரும்மா..."

"அவங்க பேரை யாரு கேக்கறா? உங்க பேரை மட்டும் சொல்லுங்கண்ணா."

உங்க பேரை மட்டும்! எவ்வளவு சுலபமா சொல்லுது பாருங்க. எனக்கு ஆப்பும் இல்ல, லாரியும் இல்ல, என்னை எங்க சிவப்பு போடறதுன்னு நீங்க நினைக்கலாம். இந்தக் கடை இருக்கிற எடம் ரோட்டுப் புறம்போக்கு. கம்பெனி ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு இந்தக் கீத்து இருக்காது. அப்புறம் டிரைவருங்க. "ஏகாம்பரம் காட்டிக் குடுத்துட்டான்"னு ஒரு பேச்சு வந்தா எவன் இங்க நிறுத்துவான்? நேத்து ஒருத்தன் சொல்லிட்டே போனான், "பெரியவரே, நாலு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தீங்க, இன்னும் ஒருநாள் மூடிக்கிட்டா நாக்கு ஒட்டிக்காது." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

சரின்னுட்டேன் அந்தப் பொண்ணுகிட்ட. வரேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டா மாற மாட்டேன் நான். பாருங்க, வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன். தினமும் நான் இப்படியா இருப்பேன்? போன் இதோ பையில. மொபெட்டுல பெட்ரோலும் இருக்கு. என்ன, வர்றவங்களுக்கு டீ குடுக்காம கடையை மூடிட்டுப் போக முடியுமா? நீங்க வந்துட்டீங்க. உங்களை எழுப்பி விடவா முடியும்?

நான் வேற ஒரு யோசனையும் பண்ணி வச்சிருக்கேன். அங்க போய், போன் புங்கமரத்தடியில கெடந்துச்சு, எடுத்து வச்சிருந்தேன்னு சொல்லிடலாம். கண்டெடுத்ததுன்னா யாருக்கும் கெட்ட பேர் இல்ல. என்ன? ஆமா, மரத்தடியில கெடந்துச்சுன்னா அவன் கேட்டுக்கு வந்து தொலைச்சுட்டுப் போனான்னு ஆகும். திருடன்னே ஆகும். அது எனக்கும் தெரியும் தம்பி. நீங்க எடுத்துச் சொல்லணுமா? சும்மா ஒரு யோசனை.

இருங்க. அடிக்குது.

அதுதான். சடை போட்ட பொண்ணு. தெரியும், பூங்கோதைதான். காலையிலேர்ந்து இது மூணாவது தடவை. அடிக்கட்டும். கெளம்பும்போது நானே பேசறேன்.

நின்னுடுச்சு. பாத்தீங்களா, கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்.

ஒண்ணு சொல்றேன் உங்களுக்கு. அவன் சின்ன வயசுக்காரன், எழுந்துடுவான். வேற தொழில் பாக்கலாம். எனக்கு அறுபத்திரெண்டு. மூட்டு ரெண்டும் போயிடுச்சு. யார் கஷ்டம் பெருசு, நியாயமா சொல்லுங்க. நான் நல்லதுதான் செஞ்சேன். நாலு வருஷம் எத்தனை பேரைத் தூங்க வச்சிருக்கேன்! அதை ஒருத்தனாவது எழுதி வச்சிருக்கானா? அந்த ஆப்புல இருக்கா? அம்பது நிமிஷம் நின்னது மட்டும் இருக்கு.

மறுபடியும். விட மாட்டேங்குது. சரி, எடுக்கறேன். எடுத்தா என்ன. நீங்க பேசாம இருங்க.

ஆங், சொல்லும்மா. கெளம்பிட்டேன் கெளம்பிட்டேன். எப்பவோ கெளம்பிட்டேன். இல்லம்மா, அது வண்டி ஓட்டிட்டிருந்தேன், எடுக்க முடியல. வந்துட்டேம்மா, வந்தாச்சு. கேட்டுகிட்டத்தான் இருக்கேன். அதோ அந்தப் புங்கமரம் இருக்கில்ல, எதிர்ல, அந்த மரத்தடியிலதான் நிக்கறேன். உள்ள கூப்பிட்டாச்சா? சரி, ஒரு நிமிஷம், இதோ...

என்னம்மா?

எங்க?

நீயும் அந்த மரத்தடியிலயா நிக்கற?

...

வச்சிடுச்சு. ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என்ன மணி தம்பி?

வேணாம். சொல்லாதீங்க.